ஓஷன் பீச்: நாய்க்கும் உப்புக்கொத்திக்கும் ஒரே மணல்

சான் பிரான்சிஸ்கோவின் மேற்கு ஓரத்தில் சுமார் மூன்றரை மைல் நீளத்துக்கு வளைவே இல்லாமல் நீட்டிக் கிடக்கிறது ஓஷன் பீச். பே ஏரியாவில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கும் தெரிந்த இடம். அதன் தெற்குக் கோடியைத் தாண்டினால் ஃபோர்ட் ஃபன்ஸ்டன், வடக்கே விரிகுடாப் பக்கம் கிரிஸ்ஸி ஃபீல்டு. மூன்றும் 1972-இல் உருவான கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியைச் சேர்ந்தவை. நுழைவுக் கட்டணம் கிடையாது. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் இடங்களில் நாயை 6 அடி லீஷில்தான் பிடித்திருக்க வேண்டும் என்பது பொதுச் சட்டம். ஆனால் இங்கே சில பகுதிகளில் லீஷை அவிழ்த்துவிடலாம். அந்தத் துறையில் வேறெங்கும் கிடைக்காத சலுகை இது.

இந்த மூன்று இடங்களையும் ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு மதிப்பிடுகிறோம். நாய்க்கு ஓட இடம் கொடுக்கிறதா, கூடவே அங்கே வாழும் உயிர்களைக் காப்பாற்றுகிறதா, இரண்டும் சேர்ந்து நடக்கும்படி விதி எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஓஷன் பீச்சின் விதிக்கு 5-க்கு 4 கொடுக்கலாம். அந்த விதியை மணலில் நிற்பவர் கண்ணுக்குக் காட்டும் விதத்துக்கு 2-க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

விதி இதுதான். கடற்கரைச் சுவரின் படிக்கட்டுகளுக்கு வடக்கிலிருந்து தெற்காக எண் போட்டிருக்கிறார்கள். 21-ஆம் படிக்கட்டு வரை நாயைக் குரல் கட்டுப்பாட்டில், அதாவது லீஷ் இல்லாமல், கூப்பிட்டால் வரும்படி விடலாம். 21-இலிருந்து தெற்கே ஸ்லோட் பொலிவார்டு வரை, அதாவது கடற்கரையின் பெரும்பகுதி, ஸ்னோவி ப்ளவர் என்ற சிறு கரைப்பறவைக்கான பாதுகாப்புப் பகுதி. அங்கே ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து லீஷ் கட்டாயம், நீளம் 6 அடிக்கு மேல் கூடாது. பறவைகள் கிளம்பிவிட்டன என்று கண்காணிப்பில் உறுதியாகும்வரை இது நீடிக்கும். நடைமுறையில் அது மே மாத நடுப்பகுதி. ஆக, வருடத்தில் ஒன்றரை மாதம்தான் அந்தப் பகுதியில் நாய் லீஷ் இல்லாமல் போகலாம்.

ஸ்னோவி ப்ளவர் நம் ஊர் உப்புக்கொத்திகளின் நெருங்கிய உறவு. குளிர்காலத்தில் தமிழகக் கரைகளுக்கு வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியும் இதுவும் ஒரே இனம் என்றுதான் வெகுகாலம் எழுதி வந்தார்கள். 2011-இல்தான் அமெரிக்கப் பறவையியலாளர்கள் இரண்டையும் தனித்தனி இனங்களாகப் பிரித்தார்கள். உடல் ஒரு சாண் நீளம்கூட வராது, எடை 60 கிராமைத் தாண்டாது. முதுகு காய்ந்த மணலின் நிறம், வயிறு வெள்ளை, கழுத்தோரம் இரண்டு பக்கமும் ஒரு கருந்தீற்று. அசையாமல் உட்கார்ந்தால் பத்தடி தூரத்திலிருந்தும் தெரியாது. உட்காரும் இடம்தான் கவனிக்க வேண்டியது. காய்ந்த மணலில் மனிதக் காலடி பதிந்த குழிக்குள் காற்றுக்கு மறைவாக உடலை அடக்கிக்கொள்ளும். ஒரு குழிக்கு ஒரு பறவை, பக்கத்துக் குழியில் இன்னொன்று. நடக்கிறவர் வெறும் மணல் என்று நினைத்து அடி வைக்கும் இடத்தில் பத்துப் பதினைந்து பறவைகள் இருக்கக்கூடும். எல்லாம் காற்று வரும் திசை பார்த்தே உட்கார்ந்திருக்கும். முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் பறவை அல்ல, அது சட்டென்று ஓடி நின்று மறுபடி ஓடும் அசைவு.

"இங்கே இது முட்டை இடுவதில்லையே, பிறகு எதற்கு லீஷ்?" என்று நாய்க்காரர்கள் கேட்பது வழக்கம். நியாயமான கேள்வி. இந்தப் பறவைகள் ஓஷன் பீச்சில் கூடு கட்டுவதில்லை, வேறு கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு ஜூலையில் வந்து இறங்குகின்றன. மே வரை இங்கே செய்ய வேண்டியது இரண்டே வேலை: தின்பது, ஓய்வெடுப்பது. அலை ஒதுக்கிய கெல்ப் பாசிக் குவியலில் மொய்க்கும் ஈக்களும் மணல் தத்துப்பூச்சிகளும்தான் தீனி. அதில் சேரும் கொழுப்பை நம்பித்தான் குளிரைத் தாங்க வேண்டும், அடுத்த இனப்பெருக்கத்துக்கும் தயாராக வேண்டும். ஒவ்வொரு முறை நாய் கிளப்பிவிடும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு பங்கு செலவாகிறது. நாய் அலையாத நாளே இல்லாத ஒரு பொதுக் கடற்கரையில் இது பகல் முழுக்க நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பசிபிக் கரையில் வாழும் இந்தப் பறவைக் கூட்டத்தை 1993-இலேயே அச்சுறுத்தலில் உள்ளது என்று கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ்ப் பட்டியலிட்டுவிட்டார்கள்.

"என் நாய் எதையும் பிடிக்காது" என்பதும் பதில் ஆகாது. பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓநாய் வடிவில் ஒன்று தன்னை நோக்கி வருவதே பறவைக்குப் போதும். மனிதன் அலையோரமாக நேர்க்கோட்டில் கடந்து போனால் அது பல சமயம் தலையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தே இருக்கும். நாய் நேர்க்கோட்டில் போகாது. மோப்பம் பிடித்துக்கொண்டு இடமும் வலமுமாக, அதுவும் பாசி கிடக்கும் வரிசையை ஒட்டித்தான் போகும். தீனி கிடக்கும் வரிசையும் நாய்க்கு வாசம் வரும் வரிசையும் ஒன்றாக இருப்பதுதான் இந்தக் கடற்கரையின் முழுப் பிரச்சினையும்.

அதனால்தான் 6 அடி என்ற அளவு பொருத்தமாக இருக்கிறது. ஈர மணலில் அலையோரமாக நடக்கும் ஒருவரின் கையிலிருந்து 6 அடி லீஷில் உள்ள நாயால் பாசி வரிசையைத் தாண்டிக் காய்ந்த மணலுக்கு ஏற முடியாது. இழுத்தால் நீளும் சுருள் லீஷ் 16 அடி வரை போகும். அதை வைத்துக்கொண்டு "லீஷில்தான் இருக்கிறது" என்று சொன்னாலும் சட்டப்படி தவறு, பறவைக்கும் பயனில்லை. தவிர, அதன் சுருளுக்குள் மணல் போனால் பூட்டு விழாமல் நழுவும். நழுவுவது நாய் பாயும் நேரத்தில்தான் தெரியவரும். நைலான் லீஷ் உப்புத் தண்ணீரில் ஊறி, காய்ந்ததும் விறைத்துக் கையை அறுக்கும். பயோதேன் என்ற பிளாஸ்டிக் பூச்சுப் பட்டை தண்ணீர் குடிக்காது, துடைத்தால் மணல் போய்விடும், இந்தக் கரைக்கு அதுவே சரி. கொக்கி பித்தளையாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். முலாம் பூசிய இரும்புக் கொக்கிக்குள் உப்பு ஏறி ஸ்பிரிங் இறுகிவிடும், திறக்காமல் போவதைவிட மோசம், பாதி மூடிய நிலையில் நிற்கும்.

பாதுகாப்புப் பகுதிக்குள் நடக்கும் முறை எளிது. மேலிருந்து இறங்குவதற்கு முன்பே லீஷ் மாட்டுங்கள். காய்ந்த மணலைக் குறுக்காக, நேராகக் கடந்து ஈர மணலுக்கு வந்துவிடுங்கள், அங்கே சுற்றி நிற்க வேண்டாம். பிறகு பாசி வரிசைக்குக் கடல் பக்கமாக மட்டும் நடங்கள். நாய் எப்போதும் கடல் பக்கம், நீங்கள் மணல் பக்கம். முன்னால் சிறு பறவைகள் ஓடி ஓடி நின்றால் இன்னும் கீழே இறங்கி, நிற்காமல், வேகம் கூட்டாமல் கடந்து போங்கள். நின்று படம் எடுப்பதுதான் அவற்றை எழுப்பிவிடும். திரும்பி வரும்போது அதே படிக்கட்டு வழியாக ஏறுங்கள், மணல்மேட்டுச் செடிகளுக்குள் குறுக்கு வழி வேண்டாம்.

21-க்கு வடக்கே குரல் கட்டுப்பாடு என்றால் என்ன என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நாய் உங்கள் கண்ணுக்கும் குரலுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கூப்பிட்ட உடனே வர வேண்டும். வீட்டுக் கொல்லையில் வருவது கணக்கில்லை. வேலி போட்ட பூங்காவில், பத்து மீட்டர் நீளக் கயிறு கட்டி, கடற்காகமோ புறாவோ தரையில் இருக்கும்போது கூப்பிட்டுப் பாருங்கள். பெயரை ஒரு முறைதான் சொல்ல வேண்டும். பத்து முறை கூப்பிட்டால் பத்து முறையும் ஓடும் வழியில் திரும்பி வர வேண்டும். எட்டு முறை வந்தால் அந்த நாய் இன்னும் தயாராகவில்லை. வரும் ஒவ்வொரு முறையும் கோழியோ சீஸோ ஒரு துண்டு கொடுத்து உடனே மறுபடி ஓட விடுங்கள். கூப்பிட்டாலே லீஷ் மாட்டி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள் என்று நாய் கற்றுக்கொண்டால், கடற்கரையில் உங்கள் குரல் அதற்குத் தண்டனையின் சத்தமாகிவிடும். பெரும்பாலான நாய்கள் வராததற்கு இதுதான் காரணம். இன்னொன்று: அலைச் சத்தமும் எதிர்காற்றும் இருக்கும் நாளில் முப்பது மீட்டருக்கு அப்பால் குரல் போகாது. விசிலுக்குப் பழக்குங்கள்.

லீஷ் இல்லாத அந்த வடக்குப் பகுதிக்கும் சில ஆபத்துகள் உண்டு. 15-க்கும் 20-க்கும் இடைப்பட்ட படிக்கட்டுகளுக்கு எதிரேதான் தீ மூட்டும் வளையங்கள் இருக்கின்றன. மரப்பலகைத் தட்டுகளை எரிக்கக் கூடாது என்று விதி இருந்தும் எரிக்கிறார்கள், அவற்றின் ஆணிகள் மணலில் தங்கிவிடுகின்றன. மணலைப் போட்டு மூடிய கரி பல மணி நேரம் சூடாகவே இருக்கும். வளையங்களைச் சுற்றி நல்ல இடைவெளி விட்டே நாயை அவிழ்க்க வேண்டும்.

கடலைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இது மெரினா போல ஓரத்தில் கால் நனைத்து நிற்கும் கடல் அல்ல. தண்ணீர் வருடம் முழுக்கச் சில்லென்று இருக்கும், வெள்ளமாக இழுக்கும் நீரோட்டங்கள் இடம் மாறி மாறித் தோன்றும். பந்தைக் கடலுக்குள் வீசாதீர்கள், கரைக்கு இணையாக வீசுங்கள். நாய் இழுபட்டால் பின்னால் இறங்கவே கூடாது. வடக்குக் கலிஃபோர்னியக் கரையில் நாய் தானே நீந்திக் கரையேறியிருக்கிறது, காப்பாற்றப் போனவர் திரும்பவில்லை என்பது மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது. நீரோட்டத்துக்குப் பக்கவாட்டில் கரையோரமாக நடந்தபடி கூப்பிடுங்கள், 911-க்கு அழையுங்கள்.

கரையில் கிடக்கும் கடற்சிங்கத்தை, உயிருள்ளதோ செத்ததோ, நாய் நெருங்கவே விடக் கூடாது. கடல் பாலூட்டிகளைத் தொந்தரவு செய்வது 1972 சட்டப்படி குற்றம். அதோடு கலிஃபோர்னியக் கடற்சிங்கங்களிடம் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி உண்டு, சிறுநீர் வழியாக நாய்க்குத் தொற்றும், சிறுநீரகத்தைத் தாக்கும். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும். 20 கிலோ நாய்க்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் போதும். தாகத்தில் கடல்நீரைக் குடித்த நாய்க்கு வண்டியிலேயே வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிடும்.

கழிவுப் பை நாய்க்கு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓடி விளையாடும் நாய் ஒரு முறையோடு நிற்காது. மணலில் புதைப்பது சுத்தம் செய்தது ஆகாது. கடல் நீரின் தரத்தை அளக்கும்போது பார்க்கும் என்டரோகாக்கஸ் பாக்டீரியா நாயின் குடலிலும் இருக்கிறது, அடுத்த அலை ஏறும்போது புதைத்தது கரைந்து அதே கடலுக்குத்தான் போகும். பையைக் கட்டிப் படிக்கட்டில் வைத்துவிட்டு "வரும்போது எடுத்துக்கொள்ளலாம்" என்று போவதும் வேண்டாம், காகம் கிழித்துவிடும். இன்னொரு பக்கம், பாசிக் குவியலைக் குப்பை என்று எண்ணி ஒதுக்கிச் சுத்தம் செய்ய நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை அப்படியே விட்டுவிடுங்கள், பறவையின் சாப்பாட்டுத் தட்டு அது.

இப்போது குறை. எல்லைக்கோடு ஒரு படிக்கட்டின் எண். அது சுவரில் இருக்கிறது. நாய்க்காரர் நடப்பதோ அலையோரம், சுவரிலிருந்து நல்ல தூரத்தில், பெரும்பாலும் கடலைப் பார்த்துக்கொண்டு. காற்று மணலை வாரிப் படிக்கட்டுகளையே மூடிவைக்கும் கரை இது. வடக்கிலிருந்து லீஷ் இல்லாமல் வருபவர் 21-ஐத் தாண்டியது தெரியாமலே பாதுகாப்புப் பகுதிக்குள் வந்துவிடுகிறார். தெற்கிலும் இதே கதை. லிங்கன் தெருவுக்கும் ஸ்லோட்டுக்கும் இடையில் கரையோரமாகப் போன கிரேட் ஹைவே சாலை 2024 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு வண்டிகளுக்கு மூடப்பட்டு, 2025 ஏப்ரலில் சன்செட் ட்யூன்ஸ் பூங்காவாகத் திறந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த நீளம் முழுவதும் பறவைப் பகுதிக்கு நேர் எதிரே இருக்கிறது. பூங்காவிலிருந்து மணல்மேட்டுப் பாதைகள் வழியாக இறங்குபவர் படிக்கட்டு எண் எதையும் பார்க்காமல் நேரே நடுப்பகுதிக்குள் வந்துவிடுவார்.

இதைச் சரி செய்ய முடியும் என்பதற்குச் சான்று இதே மாநிலத்தில் இருக்கிறது. சான்டா பார்பராவுக்கு அருகே கோல் ஆயில் பாயிண்ட் என்ற பல்கலைக்கழகப் பாதுகாப்பிடத்தில், 2001-இலிருந்து காய்ந்த மணல் பக்கம் கழி நட்டுக் கயிறு கட்டினார்கள், தன்னார்வலர்களை நிறுத்தி வருபவரிடம் பேச வைத்தார்கள். கடற்கரையை மூடவில்லை. ஈர மணலில் மனிதர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள், நாய்கள் லீஷில் வந்தன. பல பத்தாண்டுகளாகக் கூடு கட்டாத இடத்தில் உப்புக்கொத்திகள் மீண்டும் குஞ்சு பொரித்தன. ஓஷன் பீச்சில் முழு நீளத்துக்கும் கயிறு கட்ட வேண்டியதில்லை, மணல் நகர்வில் அது நிற்கவும் நிற்காது. 21-க்கு நேரேயும் ஸ்லோட்டுக்கு நேரேயும் பாசி வரிசை அருகில் கண்ணில் படும் உயரத்தில் கழிகள், மணல்மேட்டுப் பாதை ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒரு பலகை, ஜூலையின் முதல் இரண்டு வாரங்களில் காலை மாலை பேச ஆட்கள். ஆறு வாரம் அவிழ்த்துவிட்டுப் பழகிய நாய்க்காரர் தேதி மாறியதைக் கவனிக்காமல் போகும் நேரம் அதுதான், பறவைகள் களைத்து வந்திறங்கும் நேரமும் அதுதான்.

விதி ஏன் இப்படி ஒட்டுப்போட்டதாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. 1979-இல் குரல் கட்டுப்பாட்டை அனுமதித்து ஒரு நாய்க் கொள்கை வந்தது. பின்னாளில் பூங்காத் துறை அதைச் செல்லாது என்று சொல்லி லீஷைக் கட்டாயமாக்கப் பார்த்தபோது, மக்கள் கருத்தைக் கேட்காமல் மாற்ற முடியாது என்று 2005-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்தது. அதன் பிறகு உப்புக்கொத்திப் பகுதிகளுக்கு மட்டும் தனி விதி எழுதி 2008-இல் நிரந்தரமாக்கினார்கள். முழுப் பகுதிக்குமான விரிவான விதியை 2016-இல் முன்வைத்து 2017-இல் கைவிட்டார்கள். இரு தரப்பும் சண்டையில் சக்தியைச் செலவழித்துவிட்டு, கழி நடும் சின்ன வேலையை விட்டுவிட்டார்கள் என்பது எங்கள் வருத்தம்.

ஃபோர்ட் ஃபன்ஸ்டன் நாய்களுக்கு இந்த மூன்றில் சிறந்தது, தாராளமாகப் பரிந்துரைக்கலாம். மணல்மேடும் செங்குத்துப் பாறைச்சரிவும், கீழே கடற்கரையும். குரல் கட்டுப்பாட்டில் விடலாம். அங்கே சரிவின் முகத்தில் வளை தோண்டி வாழ்கிற பேங்க் ஸ்வாலோ என்ற தகைவிலான் குருவி கலிஃபோர்னியா 1989-இல் அச்சுறுத்தல் பட்டியலில் சேர்த்த இனம். அதற்காகவும் பூர்வீகச் செடிகளுக்காகவும் 2000-இல் 12 ஏக்கரை மூடி வேலி போட்டார்கள், வழக்கு வரை போனது. இன்று பார்த்தால் வேலி தன் வேலையைச் செய்கிறது. எங்கே போகலாம், எங்கே கூடாது என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. நாய்க்கு ஆபத்து விளிம்பில்தான். பாறை என்று பெயர், கையால் சுரண்டினால் உதிரும் மணல். நாய் தோண்டினால் விளிம்பு உடையும், விழுந்தால் கயிறு கட்டி மீட்க வேண்டும். விளிம்பை நெருங்கும் பாதைகளில் லீஷ் மாட்டிவிடுங்கள்.

கிரிஸ்ஸி ஃபீல்டு சின்ன நாய்க்கும் குழந்தைகளுக்கும். விரிகுடாத் தண்ணீர் அமைதி. மேற்கே டார்பிடோ வார்ஃப் தொடங்கிப் பழைய கடலோரக் காவல் நிலையத்தைத் தாண்டிச் சுமார் 700 அடி வரை பாதுகாப்புப் பகுதி, ஓஷன் பீச்சின் லீஷ் விதியே அங்கும். 2001-இல் மீட்டெடுத்த 18 ஏக்கர் சதுப்புக்குள் நாய் இறங்கக் கூடாது.

காசு வாங்கி நாய் நடத்துபவர் மூன்று நாய் வரை சீட்டில்லாமல் அழைத்து வரலாம், நாலு முதல் ஆறு என்றால் அனுமதிச் சீட்டு வேண்டும், ஆறுக்கு மேல் கிடையாது. அப்படி ஒருவரை அமர்த்துபவர்கள் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள், ஜூலைக்குப் பிறகு எந்தப் படிக்கட்டில் இறங்குகிறார் என்றும் கேளுங்கள். பதில் தெரியாதவர் உங்கள் நாயை எங்கே அவிழ்ப்பார் என்பதும் தெரியாது.

கிளம்பும் முன் ஓத அட்டவணையைப் பாருங்கள். கடல் வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் அகலமான ஈர மணல் கிடைக்கும், நாய்க்கும் பறவைக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கும். கடல் ஏறி அலை பாசி வரிசையைத் தொடும் நேரத்தில் லீஷோடுகூடப் பாதுகாப்புப் பகுதிக்குள் போக வேண்டாம். நடக்க மிச்சமிருப்பது அவை உட்கார்ந்திருக்கும் காய்ந்த மணல் மட்டும்தான். அன்றைக்கு 21-க்கு வடக்கேயே இருந்துவிடுங்கள், அல்லது ஃபன்ஸ்டனுக்கு வண்டியைத் திருப்புங்கள்.